சாத்திய கதவின் அடிக்காற்று

அப்பாவுக்கு மைசூரை ஒட்டிய ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் பவானியிலிருந்து மைசூருக்குக் குடிவந்தோம். பெரிய வீடொன்றின் பின்பாதியை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். முன்பாதியில் வீட்டுக்காரர் குடும்பம். நடுவே இருந்த கதவை அவர்கள் பக்கம் தாழிட்டு நிரந்தரமாகச் சாத்தியிருந்தார்கள். அவர்களுக்குத் தெருவில் வாசல், எங்களுக்குப் பின்சந்தில். ஒரே கூரைக்கடியில் இருந்தும் பேச்சுப் பழக்கம் இல்லை.

மார்கழியில் கைக்குழந்தையாயிருந்த தம்பிக்கு இருமல் பிடித்தது. இருமும்போது மூச்சு வாங்க முடியாமல் திணறுவான். குளிர்காற்று படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். அப்பா விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார். காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலை எனக்கும் அம்மாவுக்கும் வந்து சேர்ந்தது.

பள்ளிக்கூடத்தில் என்னோடு விளையாட ஆளில்லாததால் எனக்கு அதுவே பெரிய விளையாட்டு. அம்மா ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னலோரமாக மெல்ல நகர்த்துவாள். புகை வளைந்தால், "இங்க, இங்க!" என்று நான் கத்துவேன். செய்தித்தாளைக் கிழித்து மைதாப் பசையில் தோய்த்து அடைப்போம். கடைசியில் அந்தச் சாத்திய கதவுக்கு வந்தோம். அதன் அடியில் புகை பிய்த்துக்கொண்டு போனது. பழைய சேலையைச் சுருட்டித் திணித்தோம். அன்று தம்பி இருமாமல் தூங்கினான்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது சேலையை உருவிப் போட்டுவிட்டு, கதவோரம் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள் அம்மா. தொட்டில் எதிர்மூலைக்குப் போயிருந்தது.

"ஏம்மா எடுத்துட்டே? காத்து வருதே."

"வந்தா வருது கண்ணு. பாப்பா அங்கதான படுத்திருக்கான்."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பாக இருந்தது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"எதுக்குச் சிரிக்கறாங்க? உனக்குத்தான் கன்னடம் புரியுமே, சொல்லு."

எனக்கும் பாதிதான் புரிந்தது. "அந்த வீட்டுப் பையனுக்குப் பல்லு விழுந்துருச்சாம்மா. அதைக் கோழி முழுங்கிருச்சாம்."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். மைசூருக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதன்பின் தினமும் அங்கேதான் உட்காருவாள். யாருக்குக் காய்ச்சல், யார் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று என்னைக் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. அவர்களுக்கும் குளிர்ந்திருக்க வேண்டும்; கதவின் அடியில் பலகை வைத்து அறைந்துவிட்டார்கள். சுத்தியல் ஓய்ந்ததும் அவர்கள் பேச்சும் கேட்கவில்லை. நான் கையை நீட்டிப் பார்த்தேன்.

"அம்மா, காத்து நின்னுபோச்சு!"

"ஆமா கண்ணு. நின்னுபோச்சு."

மறுநாள் மாலை அம்மா தம்பியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போனாள். அப்பாவின் பஸ் வர இன்னும் வெகுநேரம் இருந்தது. வாடைக்காற்றில் நின்று, போகிற வருகிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை பாடுபட்டு வீட்டை அடைத்துவிட்டு, எதற்காக இப்படி நடுரோட்டில் வந்து நிற்கிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.