‘குறிப்பு’ என்றொரு கட்டம்

மார்ச் மாதத் தாளின் பின்பக்கத்தில்தான் அதை வரைந்தோம். பெரிய படம் போட்ட மாதக் காலண்டர். முன்பக்கம் ஏதோ ஓர் அருவி, பின்பக்கம் வழவழவென்று வெள்ளை. பெரியம்மா பையன், எனக்கு அண்ணன் முறை, திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கையோடு, அந்த சென்டர் மேசையில் தாளை விரித்து நாலு கட்டம் போட்டோம். முதல் கட்டத்தில் ‘வெளியீடு’. இரண்டாவதில் ‘ஆள்’. மூன்றாவதில் ‘யார் எதற்குக் காத்திருக்கிறார்’. நாலாவது கட்டம் என் பிடிவாதத்தால் வந்தது. அதில் ‘குறிப்பு’ என்று என் கையாலேயே எழுதினேன்.

விழுப்புரத்தில் அப்பா கேசட் கடை வைத்தது தொண்ணூற்று மூன்றில். பிளஸ் டூ முடித்த நான் ‘ரிசல்ட் வரும்வரை’ என்று கல்லாவில் உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. காணையிலிருந்தும் கண்டாச்சிபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து, “புதுப் பாட்டு வந்துட்ச்சா?” என்று கேட்பார்கள். சுவரொட்டியில் ஒரு தேதி, சென்னைக் கடைகளுக்கு வருவது ஒரு தேதி, பஸ் பார்சலில் எங்கள் ஊருக்கு வந்து சேர்வது இன்னொரு தேதி. பாவம், வெறும் கையோடு திரும்பிப் போவார்கள். அதனால் ஒரு நோட்டு போட்டேன். பெயர், வேண்டிய பாட்டு, ஆளைக் கூப்பிடச் சொல்லப் பக்கத்து வீட்டு பி.பி. நம்பர். கேசட் வந்ததும் போன் போட்டுச் சொல்லிவிட்டு, அந்தப் பெயரின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுப்பேன். கேட்டதைச் சொல்லியாகிவிட்டது, இனி அந்த நம்பருக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று அர்த்தம். இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்காத விஷயத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

கடைக்கு வருபவர்கள் பாட்டை மட்டும் கேட்டுவிட்டுப் போகமாட்டார்கள். ஏன் அந்தப் பாட்டு என்பதையும் சொல்வார்கள். கெடாரிலிருந்து வரும் ரயில்வே ஐயா அப்படித்தான். ஜங்ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய பாட்டுத் தொகுப்பு எது வந்தாலும் வேண்டும் என்பார். ஒருநாள் மத்தியானம் கடையில் அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, “யம்மா, அத்த கொஞ்சம் நிறுத்தேன்” என்றார். நிறுத்தினேன். அப்புறம் ஏனென்று சொன்னார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இறந்தது ஆடி மாதம். எதிரே கூழ் ஊற்றுவதற்குக் கட்டிய ஸ்பீக்கரில் இந்தப் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்ததாம். சத்தத்தில் அந்த அம்மா கடைசியாகச் சொன்னது இவர் காதில் விழவே இல்லையாம். ஐயா கிளம்பிப் போனதும் நோட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில், ‘மனைவி இறந்தபோது அம்மன் பாட்டு. ஆடியில் இவரைக் கூப்பிட வேண்டாம்’ என்று எழுதிவைத்தேன். மறந்துபோய் நான் எதையாவது செய்துவிடக் கூடாதே என்ற பயம்.

எல்லோர் கையிலும் செல்போன் வர ஆரம்பித்ததும் அண்ணன் ஒருநாள் கடைக்கு வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்தார். “பாப்பா, இது நோட்டு இல்ல, இது ஒரு சிஸ்டம். நீ வாயால சொல்லு, நான் மெஷினுக்குள்ள எறக்கிடறேன். பாட்டு வந்த அன்னிக்கே அத்தினி பேருக்கும் மெசேஜ் போவும்” என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டிவனம் பஸ்தான். படத்தின் பெயரை வைத்துத் தேடினால் உதவாது, பாதிப் படங்களுக்கு வெளியாகும் முன்பே பெயர் மாறும், அதனால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஓர் எண் கொடுங்கள் என்று சொன்னது நான். ஒரே தேதி போதாது, மூன்று தேதி வேண்டும், மூன்றாவது தேதி விழுந்தால்தான் மெசேஜ் போக வேண்டும் என்று சொன்னதும் நான்தான். அண்ணன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு எழுதினார். ஒரே ஒரு இடத்தில்தான் முட்டிக்கொண்டோம்.

“இன்னாத்துக்கு பாப்பா கோடு அடிக்கணும்? நம்பர் இருந்தா எடத்தயா அடைச்சிக்கினு இருக்கப் போவுது?”

“மெசேஜ் போனதும் நம்பரும் குறிப்பும் அழிஞ்சிடணும்ணே. கேட்டதுக்குத்தான நம்பர் குடுத்தாங்க?”

“சரி, அழிச்சிடலாம்” என்றார். காலண்டர் தாளில் சிவப்பு மையால் ஒரு அம்புக்குறியும் போட்டுக் காட்டினார். நான் நம்பினேன். நோட்டில் இருந்த அத்தனை பேரையும் ஒரு மழைக்காலம் முழுக்க நானே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். முதல் மெசேஜ் போன அன்று, காணையிலிருந்து ஒருவர் கையில் போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டே கடைக்குள் வந்தார். கல்யாண வீட்டுக்காரி மாதிரி அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் அண்ணன் அதைச் சென்னைக்கு எடுத்துப் போய் ஒரு கம்பெனியில் காட்டப் போவதாகச் சொன்னார். “உன் பேரயும் சொல்லிட்டுத்தான் வருவேன்” என்றார். வந்தார், சென்டரை மூடினார், அந்தக் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். போன் போட்டால் ‘மீட்டிங்’. ஒரு வருஷத்தில் வேறு பெயரில் அந்தச் சேவை வந்தது. அண்ணன் மூளையில் உதித்தது என்று ஊர் முழுக்கப் பேச்சு. எனக்கு வலித்தது. ஆனாலும் பெரியம்மா பூரித்துப் போயிருந்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அத்தோடு போயிருந்தால் இதை எழுதவே மாட்டேன்.

ஓர் ஆடி வெள்ளிக்கிழமை ரயில்வே ஐயா கடைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. காலையில் ஒரு பெண் போன் செய்தாளாம். “சார், உங்க வொய்ஃப் நெனப்பா அம்மன் பாட்டு ஒண்ணு காலர் டியூனா வெச்சிக்கிறீங்களா?” என்று கேட்டாளாம். அண்ணன் கம்பெனிப் பெண்தான்; நான் எழுதியதில் முன்பாதியை மட்டும் படித்திருக்கிறாள்.

“எம்பொண்டாட்டி செத்தது அந்தப் பொண்ணுக்கு எப்படிம்மா தெரியும்?” என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதைப் போல இருந்தது.

“தெரியலீங்களே ஐயா” என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரிம்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றே கடையைப் பூட்டிவிட்டுத் திண்டிவனம் போனேன். லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்த அண்ணன் கூடத்தில் மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். கத்தினேன். வாழ்க்கையில் அவரை எதிர்த்து அன்றுதான் முதல் தடவை கத்தினேன்.

“இன்னா பேஜாரு பண்ற பாப்பா? அவங்க பாட்டு லிஸ்ட்ட திரும்பிக்கூடப் பாக்கல. மூணு தேதி, பாட்டுக்குக் குடுத்த நம்பர், எதுவும் வேணாம்ட்டாங்க. ஆளுங்க லிஸ்ட்டத்தான் கேட்டாங்க. யாருக்கு இன்னா கஷ்டம், இன்னா புடிக்கும்னு இப்படி எழுதி வெச்சது எங்கியும் இல்லியாம். அதுக்குத்தான் என்ன வேலைக்கு எடுத்தாங்க.”

“அழிக்கிறேன்னு சொன்னியேண்ணே?”

“அழிச்சிருந்தா கையில இன்னா இருக்கும்?” என்றவர், ஒரு தோலை ஊதித் தள்ளிவிட்டு, “அத்தெல்லாம் எழுதனது நானா? நீதான எழுதின?” என்றார்.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது எனக்கு நடந்தது. கழுத்தறுத்தவன் கத்தி தீட்டிக் கொடுத்தவளையும் காட்டிவிட்டான். பெரியம்மா நடுவில் வந்து, “சொந்தத்துக்குள்ள இன்னாத்துக்கு” என்று சாப்பிடச் சொன்னார். தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுக் கல்யாணம், காரியம் எதற்கும் நான் போகவில்லை. இன்றுவரை போகவில்லை.

நோட்டில் இருந்த பலருக்கும் அதே கதைதான். சிலர் வந்து சண்டை போட்டார்கள். அவர்களிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்; திட்டித் தீர்த்துவிட்டுப் போனார்கள். ரயில்வே ஐயா மட்டும் சண்டை போடவில்லை. நம்பரை மாற்றிக்கொண்டார், கடைக்கு வருவதும் அபூர்வமாகிவிட்டது. ‘தெரியலீங்களே’ என்று நான் சொன்ன பொய் எங்களுக்கு நடுவில் அப்படியே கிடந்தது.

இப்போது கடையில் கேசட் கிடையாது. போன் உறை, சார்ஜர், மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவது, ரீசார்ஜ். பாட்டு வந்ததா என்று யாரும் பஸ் ஏறி வருவதில்லை. எனக்கு என்ன பாட்டு பிடிக்கும் என்று என் போனே சொல்கிறது. அதற்கு யார் சொன்னார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. போன மாதம் ரயில்வே ஐயா தடி ஊன்றிக்கொண்டு இயர்போன் வாங்க வந்தார். காது மந்தமாகிவிட்டதாம். ஒன்றை அவர் போனில் செருகிக் கொடுத்தேன்; காதில் மாட்டிக்கொண்டார். இத்தனை வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததை அன்று சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“ஐயா, அந்த ஆடியில ஒரு பொண்ணு போன் பண்ணாளே. உங்க வீட்டம்மாவப் பத்தி எழுதி வெச்சிருந்தது நான்தாங்க. அன்னிக்குத் தெரியாதுன்னு பொய் சொல்லிட்டேன்.”

காதிலிருந்து இயர்போனைக் கழற்றினார். நான் சொன்னது கேட்டதோ என்னவோ என்று திரும்பவும் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தெரியும்மா. அன்னிக்கே தெரியும்” என்றார். “அத்த நான் உங்கிட்ட மட்டுந்தான சொன்னேன்?”