கீழ் லயத்தின் ரப்பர் கொட்டைகள்

1937 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபது. மழை விட்டிருந்தது, ரப்பர் மரங்கள் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. மலாயாவில் லாபிஸுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து ரப்பர்ப்பால் கொட்டகை வாசலில், உள்ளங்கையில் ஒரு ரப்பர் கொட்டையை வைத்துக்கொண்டு என் அக்காவின் கணவர், அத்தான், நின்றார். அதுதான் அவருடைய ஓட்டு.

கோயில் கமிட்டிக்கு எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் ஆள் எடுப்பார்கள். போட்டியில் நிற்பவருக்கு ஒரு குடம். விரும்பியவர் குடத்தில் ஆளுக்கு ஒரு கொட்டை. நிற்பவர் தன் குடத்தில் தானே போட்டுக்கொள்வது மரியாதையில்லை என்பதால் அடுத்தவர் குடத்தில் போடுவார். லயம் என்கிற வரிசை வீடுகள் ஒன்பது; அத்தனை சனமும் ஒரே இடத்தில் கூடும். அதிகம் விழுந்த மூன்று பேர் கமிட்டி. மேல் லயம் ஆறு, ஆற்றோரத்துக் கீழ் லயம் மூன்று. கீழ் லயத்தார் எல்லோரும் அத்தான் குடத்திலேயே போட்டதால் ஓர் இடம் அவருக்கு நிச்சயம். அந்த இடத்தில் உட்கார்ந்து இரண்டு வருடமாக அவர் கேட்டது ஒன்றுதான்: கோயில் பணத்தில் கீழ் லயத்துக்கு ஒரு கிணறு. ஆற்றுத் தண்ணீரைக் குடித்து என் அக்கா மகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. மற்ற இருவரில் ஒருவர் மனம் இளகி வந்துகொண்டிருந்தார்.

அந்த வருடம் பெரிய கங்காணி தோட்டத்தை மூன்று வட்டாரமாகப் பிரித்தார். வட்டாரத்துக்கு ஓர் ஆள். ஒவ்வொன்றிலும் மேல் லயம் இரண்டு, கீழ் லயம் ஒன்று. "சனங்க ரொம்ப தூரம் நடக்க வேணாம் பாருங்க கிராணி," என்று ஆபீசில் கணக்கு எழுதும் என்னிடம் சிரித்தார். நான் எப்படிக் கூட்டினாலும் மூன்று இடத்திலும் இரண்டுக்கு ஒன்றுதான்; கீழ் லயம் எங்கும் ஜெயிக்க வழியில்லை. துரையிடம் சொன்னேன். கோயில் விஷயத்தில் தலையிட மாட்டேன் என்று தன் பைல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீழ் லயத்தாருக்கு நான் கணக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அத்தான் வீடு வீடாகப் போய் அழைத்தார்.

"எதுக்குண்ணே? கொட்டைய அடுப்புல போட்டாலும் கொஞ்ச நேரம் எரியும்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"எரிஞ்சப்புறம் தண்ணிக்கு எங்க போவே?"

"ஆத்துக்குத்தான். நேத்து எங்க போனேன்?"

எங்கள் வட்டாரத்துக் கீழ் லயத்தில் நாற்பத்தொரு பேர். வந்தவர்கள் ஆறு.

"இந்தத் தடவையாச்சும் உங்க குடத்துலயே போடுங்க அத்தான்," என்றேன்.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல மச்சான்," என்று சொல்லிவிட்டு, எதிர்த்து நின்ற கங்காணி மருமகனின் குடத்தில் போட்டார். 'டொக்'கென்ற அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

இத்தனை வருடம் கழித்து, போன மாதம் இப்போது நான் குடியிருக்கும் தெருவை வேறு தொகுதியில் சேர்த்துவிட்டார்களாம். "இனிமே நம்ம ஓட்டு எதுக்குப்பா?" என்று மகன் கேட்டான். நான் உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன்.

அந்த வருடம் மூன்று இடமும் மேல் லயத்துக்கே போயின; கிணறு வெட்டவில்லை. குழாய்த் தண்ணீர் உள்ள தோட்டமென்று கேள்விப்பட்டு, தீபாவளிக்கு முன்பே அத்தான் குடும்பம் பெக்கோக்குக்குக் கிளம்பியது. ரயிலுக்கு நான்தான் சீட்டு எடுத்துக் கொடுத்தேன். முழுச்சீட்டு இரண்டு, பிள்ளைக்கு அரைச்சீட்டு ஒன்று. என்னால் முடிந்தது அவ்வளவுதான்: எழுபத்தைந்து காசு.