கடையில் வாங்கிய சாமை

இருபத்திரண்டு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். நாளுக்கு ஒரு பக்கம். மழை பெய்ததா, அணையில் எத்தனை அடி தண்ணீர், வீட்டுக்கு யார் வந்தார்கள், யாருக்குக் காய்ச்சல் என்று எல்லாம் அதில் இருக்கும். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருப்பவனுக்கு இந்தப் பழக்கம் தானாக வந்துவிடுகிறது. பார்த்ததை எழுத வேண்டும், பார்க்காததை எழுதக் கூடாது. அயர்லாந்துக்குப் புறப்படும் முன் நோட்டுகளை வரிசையாகப் பெட்டியில் அடுக்கினேன். கடைசி நோட்டைப் புரட்டியபோது, அதில் ஏழு மாதத்துக்குப் பொய் எழுதியிருப்பதை என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

என் மனைவி கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். சித்திரை மாதம் அவளுக்கு அயர்லாந்தில் வேலை உறுதியானது. நானும் மகளும் கூடவே போவதென்று முடிவு செய்தோம். விசா கைக்கு வரும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்பதும் அன்றே முடிவானது. எங்கள் பக்கம் இப்படித்தான் செய்வார்கள். வெளியே சொன்னால் கண்ணு பட்டுவிடும்.

யாரிடமும் என்றால் யாரிடமும் அல்ல. என் அக்காவிடம்.

கச்சிராயபாளையத்தில் எங்கள் வீடும் அக்கா வீடும் ஒரே சுவர். பின்பக்கம் வேலி கிடையாது. சாயங்காலம் அவள் நேராகச் சமையலறை வழியாக வந்து, என் நாட்குறிப்பை எடுத்துச் சத்தமாகப் படிப்பாள். "இன்னாடா, நேத்து நான் குடுத்த கொழம்பப் பத்தி ஒரு வரி காணோம்? அணையில தண்ணி கம்மியானத மட்டும் எழுதிக்கினு இருக்கறே?" என்று வம்புக்கு இழுப்பாள். நோட்டிலும் நான் பொய் எழுத நேர்ந்தது இதனால்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அக்காவின் மகனுக்குக் கனடாவில் படிக்க இடம் கிடைத்தது. மாமா பேருந்து நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் கட்டினார். ஒரு பக்கம் பையன் படம், மறுபக்கம் விமானம். கோயிலில் பொங்கல் வைத்து ஊருக்கே சாப்பாடு போட்டார்கள். பிறகு விசா மறுக்கப்பட்டது. பையன் இப்போது திருப்பூரில் இருக்கிறான். அந்த ஃப்ளெக்ஸை அக்கா விறகுக் குவியலின்மேல் போட்டு மூடியிருந்தாள். எங்கள் சமையலறை ஜன்னலில் நின்றால் விமானத்தின் ஒரு இறக்கை மட்டும் தெரியும்.

"அவங்க நல்லவங்கதான். ஆனா மனசு ஆறாம ஒரு தடவ பாத்துட்டாங்கன்னா?" என்று மனைவி கேட்டாள். வெகு நாள் வரை இந்தப் பேச்சை அவள்தான் தொடங்கினாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. அதற்கு முந்தின நாளே, அந்த ஜன்னலில் நின்றபடி, "அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்று நான்தான் சொன்னேன்.

வைகாசியில் மனைவியின் சான்றிதழ் வேலையாக நாங்கள் மூவரும் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. கல்வராயன் மலையில் மருத்துவ முகாம், வெள்ளிமலையில் ஒரு இரவு தங்கல் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் உடனே, "அப்படியே சாமை அரிசி ரெண்டு கிலோ வாங்கியாடா. மலைச் சாமைக்கு இருக்கற ருசி கடைச் சாமைக்கு வராது" என்றாள்.

மறுநாள் திரும்பும்போது கள்ளக்குறிச்சியில் இறங்கி, ஒரு மளிகைக் கடையில் இரண்டு பாக்கெட் சாமை வாங்கினேன். பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து இரண்டையும் பிரித்து மஞ்சப்பையில் கொட்டிவிட்டு, அச்சடித்த உறைகளைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அத்தைக்குத் தெரிஞ்சிடாதா?" என்றாள். தெரியாது என்றேன். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு முன்னால் அதைச் செய்தேன்.

அக்கா பையை வாங்கி உள்ளே வைத்தாள். மறுநாள் காலை சாமை உப்புமா செய்து, பாதியைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து கொடுத்தாள். "வாசனையப் பாருடா. மலை மலைதான்" என்றாள். நான் சாப்பிட்டேன். அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது: "வெள்ளிமலையில் லேசான தூறல். முகாம் நன்றாக நடந்தது. அக்கா செய்த உப்புமா அருமை." கடைசி வாக்கியம் மட்டும் உண்மை.

அன்று மதியமே காவல் நிலையத்திலிருந்து அழைத்தார்கள். எனக்கும் மகளுக்கும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தோம். அதற்கு விசாரணை. நான் சென்று கையெழுத்துப் போட்டேன். நான் போடும் இடத்துக்கு மேலே, அக்கம்பக்கத்தார் சாட்சி என்ற இடத்தில், சாய்ந்து விழுவதுபோல ஒரு தமிழ்க் கையெழுத்து இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் ஸ்லேட்டில் எழுதிக் கொடுத்த அதே எழுத்து. கீழே முந்தின நாள் தேதி.

"உங்க அக்காவாமே சார்?" என்றார் காவலர். "வூடு பூட்டியிருந்துச்சி. முகவரியில ஆள் இல்லன்னு எழுதிட்டுக் கிளம்பிக்கினு இருந்தேன். அவங்கதான் வுடல. உள்ள இட்டுனு போய் உக்கார வெச்சி மோர் குடுத்து, இங்கதான் இருக்காங்க, மூணு தலமொறையா இதான் வூடுன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாங்க. எதுக்குமா பாஸ்போர்ட்டுன்னு கேட்டேன். அது அவங்க சமாச்சாரம், நீ எழுதுன்னுட்டாங்க."

அப்படியென்றால் நான் மஞ்சப்பையை நீட்டியபோது அவளுக்குத் தெரியும். தூக்குச்சட்டியோடு வந்து மலையின் வாசனையைப் பற்றிப் பேசியபோதும் தெரியும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு வாய்க்கால் மதகில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நேராகப் போய் அவளிடம் சொல்லிவிடலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் சொன்னால் சாமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உன் கண்ணுக்குப் பயந்தோம் என்பதையும் ஏதாவது ஒரு வார்த்தையில் சொல்லியாக வேண்டும். நான் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. நாட்குறிப்பில் "வேலையாக வெளியே சென்று வந்தேன்" என்று எழுதினேன்.

அதன் பிறகு ஆறு மாதம் அவள் எங்களுக்காகப் பொய் சொன்னாள். எங்களைவிட நன்றாகச் சொன்னாள். ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் அவளுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அம்மா, "உன் தம்பி குடும்பம் அடிக்கடி சென்னைக்குப் போவுதே, இன்னா விசேசம்?" என்று கேட்டார்.

"பொண்ணுக்குப் பல்லு கம்பி கட்றாங்க. அதான் அலையிறாங்க."

"பல்லுல கம்பியே காணமே?"

"உள்பக்கமா கட்டுவாங்களாம். இப்ப அதான் புதுசு. நீ இன்னா, அது வாயத் தொறந்தா பாத்தே?"

வரிசையே சிரித்தது. சர்க்கரை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்னொன்றையும் நோட்டைப் புரட்டியபோதுதான் கண்டுபிடித்தேன். அக்கா விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, எட்டு மணி வரைக்கும் வாசலிலேதான் இருப்பாள். போகிறவர் வருகிறவரோடெல்லாம் பேச்சு. நாங்கள் சான்றிதழ்க் கோப்போடு கிளம்பிய நாட்களில் மட்டும், ஆனி, ஆவணி, ஐப்பசி என்று மூன்று முறை, "அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது" என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். பார்த்ததை எழுதினேன். ஏன் என்று யோசிக்கவில்லை. எங்கள் எதிரில் தன் முகம் படக் கூடாதென்று அவளே உள்ளே இருந்திருக்கிறாள். மலையிலிருந்து அது வாங்கியா, இது வாங்கியா என்று கேட்பதையும் அவள் அந்த வைகாசியோடு நிறுத்திவிட்டிருந்தாள். கேட்டால் நான் மறுபடியும் பொய் சொல்ல நேரும் அல்லவா.

கார்த்திகையில் விசா வந்தது. "இனிமே உங்க அக்காகிட்ட சொல்லிடலாம்" என்றாள் மனைவி. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினேன். உண்மையாகவே ஏறினேன். மலையில் ஒரு வீட்டில் உரலில் குத்திய சாமை இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு, அடுத்த பேருந்திலேயே இறங்கி வந்தேன். நேற்றுத்தான் எல்லாம் திடீரென்று கூடிவந்தது என்று சொல்லத்தான் அப்போதும் நினைத்திருந்தேன். வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துவிட்டேன்.

அக்கா சமையலறையில் இருந்தாள். பையை வாங்கி, ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதினாள்.

"எங்கடா வாங்கினே?"

"வெள்ளிமலையிலக்கா."

"போன தடவ வாங்கியாந்த மாதிரி இல்லியே. அது இன்னா வெள்ள! உமி இல்ல, கல்லு இல்ல. இதுல உமி ஜாஸ்தியா இருக்குதே. உன்ன ஏமாத்திட்டாங்கடா."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. உதட்டோரம் மட்டும் லேசாக அசைந்தது.

"அது கள்ளக்குறிச்சியில வாங்கினதுக்கா."

"தெரியும்டா. பைக்கு அடியில கடக்காரன் பில்லு ஒட்டிக்கினு இருந்துச்சி. டைமு கூடப் போட்டிருந்துச்சி. எல்லாத்தையும் அவ்ளோ சுத்தமா செய்வியே, அத எடுக்கணும்னு தோணலியா?"

உறைகளைக் குப்பையில் போட்டது நினைவிருந்தது. பில்லை எங்கே வைத்தேன் என்பது நினைவில்லை. பையில்தான் போட்டிருக்கிறேன்.

"ஸ்டேஷன்ல உன் கையெழுத்தப் பாத்தேன்" என்றேன்.

"எப்ப?"

"அடுத்த நாளே."

அவள் சாமையைப் பைக்குள் திரும்பக் கொட்டினாள். கையில் ஒட்டியிருந்ததையும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள். "ஆறு மாசம்" என்றாள். என்னிடம் சொன்னதுபோல இல்லை. "நீ பாக்கலன்னுதான் இத்தினி நாளும் நெனச்சிக்கினு இருந்தேன். தெரியாமத்தான் சொல்லலன்னு."

அவளுக்குத் தெரியும் என்பதை அறியாமல் நான் மறைத்ததாக எண்ணி அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள். தெரிந்தே மறைத்தேன் என்று இப்போது அவளிடம் சொன்னதும் நான்தான்.

அடுப்பில் ஏதோ பொங்கியது. போய் அணைத்துவிட்டு வந்தாள்.

"விசா வந்துச்சா?"

"நேத்து."

"கைக்கு வந்துடுச்சா? பாஸ்போர்ட்ல ஒட்டிட்டாங்களா?"

"ஒட்டிட்டாங்க."

"மூணு பேருக்குமா?"

"மூணு பேருக்கும்."

"அப்ப சரி" என்றாள். "இனிமே நான் பாக்கலாம்."

என் வீட்டுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்து வந்தேன். அவள் முந்தானையில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டாள். நான் நீட்டியதும், "நீயே புடிடா. நான் தொடல" என்றாள். நானே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். விசா ஒட்டிய பக்கத்தை நெடுநேரம் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் முகவரி இருந்தது. அவள் பத்தாம் வகுப்புவரை படித்தவள். ஆங்கிலத்தை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, என் நாட்குறிப்பைப் படிக்கும் அதே குரலில், சத்தமாகப் படித்தாள். கதவு எண், தெரு, ஊர், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதுலயாவது எல்லாம் நெசந்தானா?"

"நெசந்தான்க்கா" என்றேன். அந்த முகவரிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் அவள்.