கோணாத ஒரு சதுரம்

தையல் கம்பெனியில் அவளுக்கு மின்னல் என்று பெயர். சட்டைக் காலரை மிஷினில் விட்டு எடுக்கிற வேகம் அப்படி. பக்கத்து மிஷின்காரி ஒன்று முடிப்பதற்குள் இவள் அடுத்ததில் பாதி போயிருப்பாள். ஆனால் காலர் மட்டும்தான். கைப்பகுதி இன்னொருத்திக்கு, பட்டன் வேறொருத்திக்கு. தொடக்கம் முதல் கடைசிவரை ஒரு பொருளைத் தானே தைத்து முடித்ததில்லை என்ற குறை அவளை உள்ளூர அரித்துக்கொண்டே இருந்தது.

அதனால்தான் நூலகத்து மாடியில் வலைத்துணித் தையல் சொல்லித் தருகிறார்கள் என்றதும் ஓடினாள். கொசுவலை போலக் கட்டம் கட்டமாக ஓட்டை உள்ள விறைப்பான துணி. அதைக் கம்பளி நூலால் நிரப்பித் திண்டு உறை, சுவர்ப்படம் எல்லாம் செய்வார்கள். புதியவர்களுக்கு வேலை நாளில் வகுப்பு. கொஞ்சம் கை பழகியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. மின்னலுக்கு ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை.

"நீங்க எந்த நிலைன்னு நீங்களே பாத்துக்கலாம்," என்று ஒரு பை நிறைய வலைத்துணியும் நூலும் கொடுத்தார் டீச்சர். "உள்ளங்கை அளவு சதுரம், ஒரே சாய்வுத் தையல்ல நிரப்பிட்டு வாங்க. மேஜைல வெச்சா படிஞ்சு உக்காரணும். உக்காந்தா ஞாயிறு வகுப்பு."

"இவ்ளோதானா?" என்றாள் மின்னல்.

மறுநாள் சாயங்காலமே முடித்துவிட்டாள். சுவருக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு வந்த கணவன் எடுத்துப் பார்த்தான்.

"பட்டம் நல்லாருக்கு. வாலு எங்க?"

சதுரம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. இஸ்திரி போட்டாள். சூடு ஆறியதும் பழையபடி கோணிக்கொண்டது.

"விடேன். மிஷின்ல நீதான் ராணியாச்சே, இந்த வம்பு எதுக்கு?"

"நீங்க சும்மா இருங்க. உள்ளங்கைத் துணிகிட்ட நான் தோக்கறதா?"

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வலையின் இழைகளே ஒரு பக்கமாக இழுபட்டிருந்தன. விஷயம் பிடிபட்டது. காலரில் தையல் தளர்ந்தால் சூப்பர்வைசர் திருப்பி வீசுவார். இறுக்கி இறுக்கியே பழகிய கை இங்கேயும் இழுத்திருக்கிறது. அடுத்த துண்டைத் தளர்த்தித் தைத்தாள். நூல் தொங்கி, வலையின் ஓட்டைகள் சல்லடையாகத் தெரிந்தன.

"அந்த உடைஞ்ச போட்டோ சட்டத்தை எடுங்க," என்றாள். கணவன் முணுமுணுத்துக்கொண்டே அதில் மூன்றாவது துண்டை விறைப்பாக ஆணி அடித்துக் கொடுத்தான்.

சட்டத்தில் ஏறிய துணியில் ஊசியை ஒரே வீச்சில் நுழைத்து வாங்க முடியவில்லை. மேலிருந்து குத்தி, அடியில் பிடித்து, மறுபடி மேலே அனுப்ப வேண்டும். ஆமை கூட முந்திவிடும். கை பரபரத்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். நூலைச் சுண்டாமல், அது தானாகப் படியும்வரை பொறுத்து அடுத்த கட்டத்துக்குப் போனாள். வாரம் முழுக்கக் கம்பெனி விட்டு வந்ததும் அதே வேலை.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் அதை மேஜையில் வைத்தார். மூன்று மூலை படிந்தது. ஒன்று லேசாகத் தூக்கியது.

"தெரியும் டீச்சர். கடைசி ரெண்டு வரிசைல அவசரப்பட்டுட்டேன். சட்டத்துலேர்ந்து கழட்டிட்டு தெச்சேன்."

"அப்ப நீங்க எந்த நிலை?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நேரா நிரப்ப வரும். ஓரம் மடிக்க, கலர் மாத்த வராது. ஆனா எங்க தப்புன்னு எனக்கே தெரியுது."

"பிரிச்சுத் தெப்பீங்களா?"

"இங்கயேவா?"

"இங்கயேதான்."

டீச்சர் நீட்டிய சட்டத்தில் துணியைப் பூட்டி, அந்த இரண்டு வரிசையையும் பிரித்தாள். சுற்றிலும் வகுப்பு தொடங்கிவிட்டது. வாசல் பக்கம் நின்றபடியே தைக்கும் இவளை ஒருத்தி வேடிக்கை பார்த்தாள். மின்னல் நிமிரவில்லை. குத்தி, வாங்கி, பொறுத்து, கடைசிக் கட்டம்வரை போய் நூலை நறுக்கினாள். கழற்றி மேஜையில் வைத்தாள். நான்கு மூலையும் அசையாமல் கிடந்தன.

டீச்சர் நடு வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மின்னல் உட்கார்ந்து, "ஓரம் எப்படி மடிக்கிறது டீச்சர்?" என்று கேட்டாள்.