மூன்றாம் வரிசை லியோனிசாவின் ஓட்டை டின்

லியோனிசா புகோய் சூப்பர்வைசர் ஆன அன்று நான் கேன்டீனில் எல்லாருக்கும் பொரித்த வாழைப்பழம் ஒன்று கூடுதலாக வைத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அவளைப் பிடித்து நாலு சாத்து சாத்தலாமா என்று கை பரபரத்தது. இரண்டும் நடந்ததுதான், இரண்டையும் மறைக்கப் போவதில்லை.

எங்கள் ஊர் ஸம்போவாங்காவின் கடற்கரையில் மத்தி மீனை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை எங்களுடையது. நான் பெபாங், பதினாறு வருஷமாக அங்கே கேன்டீன் நடத்துகிறேன். யாருக்கும் யாருக்கும் நடுவில் பேச்சு நின்று போயிருக்கிறது என்பது மேனேஜருக்குத் தெரிய ஒரு மாதம் ஆகும். எனக்குக் காலை பத்து மணிப் பலகாரத்துக்கு யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

லியோனிசாவின் அப்பா மத்திப் படகில் வலை இழுத்தவர். அவள் பத்தொன்பது வயதில் இங்கே மீன் அடைக்க வந்தாள். கணவன் செல்ஸோ சவாரி ஏற்றும் ட்ரைசைக்கிள் ஓட்டுகிறான், ஒரே பையன். மூன்றாம் வரிசையில் பதினெட்டு வருஷம் நின்றாள். அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவள் கத்தினாலே காதில் விழாது. ஆனாலும் யார் கத்தி மழுங்கியிருக்கிறது, யார் குழந்தைக்குக் காய்ச்சல், யார் இன்று பட்டினியாக வந்திருக்கிறாள் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். வரிசையில் ஏதாவது சிக்கல் வந்தால் பெண்கள் பழைய சூப்பர்வைசரிடம் போகமாட்டார்கள், இவளைத்தான் முழங்கையால் இடிப்பார்கள். அவர் ஓய்வு பெற்றதும் மேனேஜர் ஃபேபியன் சார் இவளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் அதுதான்.

பதினோரு வருஷமாக அவளுக்கு இடது பக்கம் நின்றவள் பாஸிங். லியோனிசாவின் பையனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவளும் அவளே. அந்த உறவு வந்துவிட்டால் எங்கள் ஊரில் பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், "மாரே" என்பார்கள். இவர்கள் இருவரும் ஒரு நாளைக்கு இருநூறு முறை மாரே போடுவார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போயிருந்தது.

பதவி கொடுத்த கையோடு கம்பெனி அவளை இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பியது. ஏசி ஹால், மணிலாவிலிருந்து வந்த வாத்தியார், நீல ஃபைல். அந்த மனிதர் நல்லது நிறைய சொல்லியிருப்பார், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் இவள் முடிந்துகொண்டு வந்தது ஒன்றே ஒன்று.

"தப்பைப் பாத்தா பாத்த எடத்துலயே, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிடணுமாம் அக்கா. ஒருத்தி தப்புல நாப்பது பேரு பாடம் கத்துக்கணுமாம்" என்றாள். கையில் புத்தம் புதுக் கை மைக் ஒன்று. "எப்படி இருக்கு?"

"தேர்தலுக்கு நிக்கறவ மாதிரி இருக்கு" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. ஜெபம் முடிந்து மூன்றாம் வரிசைப் பெண்கள் நாற்பத்தோரு பேரும் தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாக நிற்கிறார்கள். கேன்டீன் கதவைத் திறந்தால் அந்த இடம் நேரே தெரியும். லியோனிசா ஒரு டின்னைத் தூக்கிப் பிடித்து மைக்கை அழுத்தினாள்.

"இது பதினாலாம் நம்பர் தட்டுல வந்த டின். எடை குறையுது. யார் அடைச்சது? பாஸிங்! பதினோரு வருஷம் அடைச்சவங்களே இப்படின்னா, நேத்து வந்த பொண்ணு என்னத்தை அடைக்கும்?"

பாஸிங் சிரித்தாள். "சரிங்க மேடம்" என்றாள்.

மாரே இல்லை, மேடம்! கூசிப்போனால் சிரிப்பது எங்கள் ஊர் வழக்கம். எவ்வளவு ஆழமாகக் குத்துகிறதோ அவ்வளவு அழகாகச் சிரிப்போம். பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூட இங்கே அது புரியும். லியோனிசாவுக்குப் புரியாதா? புரிந்திருக்க வேண்டும். ஆனால் அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்து, வகுப்பில் சொன்னது பலித்துவிட்டது என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து பாஸிங் கைகழுவும் தொட்டி ஓரமாக உள்ள மேஜையில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். சண்டை கிடையாது, முகச்சுளிப்பு கிடையாது, சொன்ன வேலையில் குறை கிடையாது. பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டே நாளில் மற்றவர்களும் அவள் மேஜைக்கு நகர்ந்தார்கள். லியோனிசா தட்டோடு வந்தால் எல்லாரும் மரியாதையாக எழுந்து இடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் டின்கள் ஒழுக ஆரம்பித்தன. மத்தியை டின்னில் அடைத்து, ஆவியில் வேகவைத்து, தண்ணீரை வடித்து, தக்காளிச் சாறு ஊற்றி மூடி போட்டு, மறுபடி அழுத்தத்தில் வேகவைப்பார்கள். அங்கிருந்து வெளியே வரும்போது மூன்றாம் வரிசை டின்களின் விளிம்பில் சிவப்பாகச் சாறு கசிந்தது. மற்ற இரண்டு வரிசையும் சுத்தம். மெக்கானிக் மூடி போடும் இயந்திரத்தை மூன்று தடவை பிரித்து மாட்டிவிட்டு, "இதுல ஒரு கோளாறும் இல்ல, என்னைத் திட்டாதீங்க" என்று கையை விரித்துவிட்டான்.

ஃபேபியன் சார் கத்துகிற ஆள் இல்லை. கேன்டீனிலேயே, காபியைக் கலக்கிக்கொண்டே சொன்னார். "இன்னும் நாலு வாரத்துல மீன்பிடித் தடைக்காலம். கடைசிப் படகு இறங்கறதுக்குள்ள இந்த ஒழுகல் நிக்கலைன்னா, மூணு மாசம் கழிச்சுத் திறக்கும்போது ரெண்டு லைன்தான் ஓடும். நாப்பத்தோரு பேரை எதுக்குக் கூப்பிடணும்னு முதலாளி கேட்டா எங்கிட்ட பதில் இல்ல லியோனிசா."

அந்த நாற்பத்தோரு வீட்டிலும் அடுப்பு இதை நம்பித்தான் எரிகிறது. அதில் பாதி வீடுகளில் அவள் போய்ச் சாப்பிட்டிருக்கிறாள்.

தினமும் காலையில் மைக்கில் கேட்டாள்: "என்ன கோளாறுன்னு யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" நாற்பத்தோரு பேரும் ஒரே குரலில் "இல்லைங்க மேடம்!" அவ்வளவுதான், மூச்சு விடும் நேரத்தில் முடிந்துவிடும். கேட்பவளும் நிற்கவில்லை, சொல்பவர்களும் நினைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் லியோனிசா மொறுமொறுவென்று அரிசிமாவு லொகொட்-லொகொட் பலகாரம் ஒரு பை வாங்கிக்கொண்டு பாஸிங் வீட்டுக்குப் போனாள். திரும்பும் வழியில் நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"மன்னிப்புக் கேட்டேன் அக்கா. நாற்காலி போட்டா, காபி குடுத்தா, பையனைப் பத்தி விசாரிச்சா. 'அதெல்லாம் ஒண்ணுமே இல்லைங்க மேடம்'ங்கறா. என் மாரே என்னை மேடம்ங்கறா!" என்று அழுதுவிட்டாள்.

எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சல்தான் முதலில் வாய்க்கு வந்தது.

"அவ மானத்தை எங்க வெச்சு வாங்கின?"

"காலைல… எல்லாரும் நிக்கற எடத்துல."

"திருப்பிக் குடுக்க மட்டும் அடுப்படிக்குப் போறியா? நாப்பது பேரு பாத்தாங்க இல்ல, அந்த நாப்பது பேரும் இதையும் பாக்கட்டும்."

"சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் இறங்கிப் போனா மதிப்பு போயிடும்னு ஃபைல்ல போட்டிருக்கு அக்கா."

"அப்ப அந்த ஃபைலையே கூட்டிட்டு வந்து மீன் அடைக்கச் சொல்லு."

கோபித்துக்கொண்டு எழுந்து போனாள். கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று எனக்கும் உறுத்தியது. ஆனால் திங்கட்கிழமை ஆறேகாலுக்குக் கேன்டீனுக்கு வந்து, அந்த மைக்கை என் கல்லா மேல் வைத்தாள். கழித்து வைத்திருந்த டின் ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜெபம் முடிந்தது. இயந்திரங்கள் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. அவள் டின்னைத் தூக்கிப் பிடித்தாள். சாறு அவள் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை வழிந்தது.

"இது ஒழுகற டின். இதை அடைச்சது நான்" என்றாள். குரல் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. "போன மாசம் இதே எடத்துல பாஸிங்கோட டின்னைத் தூக்கிக் காட்டினேன். அவ கிட்ட என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலை. தப்பு. அன்னிலேருந்து நீங்க யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல. சொல்ல வேண்டாம்னு நாந்தான் பழக்கிட்டேன். இப்ப கேக்கறேன். நம்ம டின் ஏன் ஒழுகுது? எனக்குத் தெரியலை."

எப்போதும் போல அவள் அடுத்த விஷயத்துக்குப் போவாள் என்று எல்லாரும் நின்றார்கள். அவள் போகவில்லை. டின்னைப் பிடித்தபடி நின்றாள். என் அடுப்பில் சோற்று உலை பொங்கி வழிந்தது, நான் போகவில்லை. ஃபேபியன் சார் கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே வேகமாக வந்தார். லியோனிசா அவர் பக்கம் திரும்பாமலேயே கையைத் தூக்கி அவரை நிறுத்தினாள். மேனேஜரை! அவரும் நின்றுவிட்டார். அந்த இரண்டு நிமிஷம் எனக்கு இரண்டு வருஷம்.

பாஸிங் கையுறையைக் கழற்றினாள்.

"அன்னிக்கு வந்தது பிந்தி வந்த படகோட மீன்" என்றாள் தரையைப் பார்த்தபடி. "குழைஞ்ச மீன். ஆவியில வெச்சா தண்ணி விட்டுச் சுருங்கும், எடை குறையும். அடைக்கும்போது சரியாத்தான் இருந்துச்சு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேக்கலை" என்றாள் லியோனிசா.

"கேக்கலை."

மேடமும் இல்லை, மாரேயும் இல்லை. ஆனால் வரிசை மொத்தமும் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அப்போது கோடியிலிருந்து நூர்ஹாத்தா கையைத் தூக்கினாள். தலைமுக்காட்டுக்கு மேல் வலைத்தொப்பி போட்டிருப்பாள், வாய் திறந்தே நான் பார்த்ததில்லை. "மேடம், அன்னிக்கு அப்புறம் நான் ஒவ்வொரு டின்லயும் ஒரு துண்டு கூடுதலா வெச்சு அமுக்கறேன். எடை குறைஞ்சு எம்பேரு மைக்ல வந்துடக்கூடாதுன்னு."

"நானும்" என்றது ஒரு குரல். "நானும்தான்." "நான் ரெண்டு துண்டு!" என்றாள் இன்னொருத்தி. குபீரென்று சிரிப்பு. கூச்சச் சிரிப்பு இல்லை, வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு.

லியோனிசா டின்னைத் திருப்பிப் பார்த்தாள். மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு மீன் வால் நசுங்கிக் கிடந்தது. அவள் மைக்கில் சொன்ன வார்த்தைக்குப் பயந்து நாற்பது ஜோடிக் கைகள் அமுக்கிய மீன்தான் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. இயந்திரம் பாவம், அது என்ன செய்யும்?

அன்றிலிருந்து புது வேலை ஒன்று சேர்ந்தது. படகிலிருந்து மீன் இறங்கியதும் பாஸிங்கும் நூர்ஹாத்தாவும் போய் நாலு மீனை அமுக்கிப் பார்ப்பார்கள். கெட்டி மீனா, குழைந்த மீனா, டின்னுக்கு எத்தனை துண்டு என்று அவர்கள் சொல்வதுதான் அன்றைய கணக்கு. வரிசைக்கு முன்னால் ஒரு சின்ன மேஜையும் போட்டாள் லியோனிசா. தான் அடைத்ததில் சந்தேகம் வந்தால் அவரவரே அந்த டின்னைக் கொண்டுவந்து அங்கே வைக்கலாம், பேர் கேட்கமாட்டாள். முதல் இரண்டு நாள் மேஜை காலியாகவே கிடந்தது. மூன்றாம் நாள் அவளே ஒன்றை அடைத்து, "இது என்னோடது, வால் நீட்டிக்கிட்டிருக்கு" என்று வைத்த பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. கடைசிப் படகு இறங்குவதற்கு ஒன்பது நாள் முன்பே ஒழுகல் நின்றது.

அதற்காக அவள் தேவதை ஆகிவிடவில்லை. ஒரு நாள் ஃபோர்க்லிஃப்ட்காரனைப் பார்த்துக் கத்திய கத்தலில் என் தட்டுகள் அதிர்ந்தன. கொஞ்ச நேரத்தில் கத்திய இடத்துக்கே அவனைத் தேடிப் போய் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள், அது வேறு விஷயம்.

ஒழுகல் நின்ற பிறகும், மூன்றாம் வரிசை திரும்ப ஓடுமா என்று ஃபேபியன் சார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தடைக்காலம் வந்தது, தொழிற்சாலை மூடியது. மூன்று மாதம் லியோனிசா செல்ஸோவின் ட்ரைசைக்கிளைத் தேய்த்துத் தேய்த்தே அதன் பெயின்டைப் போக்கினாள். "முதலாளி என்ன சொன்னாராம் அக்கா? ஏதாவது காதுல விழுந்துச்சா?" என்று வாரத்துக்கு இரண்டு முறை வந்து நிற்பாள். என் காதில் ஒன்றும் விழவில்லை.

பிப்ரவரியில் படகுகள் கிளம்பின. தொழிற்சாலை வாசலில் பேர்ப்பட்டியல் ஒட்டினார்கள். லியோனிசா தன் பேரைத் தேடவில்லை. மூன்றாம் வரிசை என்ற தலைப்புக்குக் கீழே விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தாள். நாற்பத்தொன்று வந்ததும் அந்தச் சுவரிலேயே நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

திறந்த இரண்டாம் நாள் காலை ஆறரை மணி. அந்தக் கை மைக் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, சாப்பாடு தயார் என்று கூப்பிட நன்றாக உதவுகிறது. லியோனிசா வெறும் வாயால் பேச ஆரம்பிக்கும்போது வரிசையிலிருந்து ஒருத்தி விலகி நடந்து வந்தாள். கையில் ஒரு டின். நாற்பது பேரும் பார்க்க, ஃபேபியன் சாரும் பார்க்க, அதை அந்தச் சின்ன மேஜையின் நட்டநடுவில் வைத்தாள்.

"மூணு மாசத்துல கை மறந்துபோச்சு" என்றாள் பாஸிங். "எடை குறையுது. இது என்னோடது, மாரே."