பஸ்ஸுக்குக் குடிபூரல்

புதுவீட்டுக்குச் செய்வது போலப் பஸ்ஸுக்குக் குடிபூரல் செய்த குடும்பம் இலங்கையில் எங்களுடையது ஒன்றுதான் என்று யாரோடு வேண்டுமானாலும் சண்டை பிடிக்க நான் தயார். வேறு யாராவது செய்திருந்தால் வரட்டும். எந்தத் திக்கில் வைத்துப் பால் காய்ச்சினீர்கள் என்று ஒரு கேள்வி கேட்பேன். அதிலேயே அவர்கள் தோற்றுப் போவார்கள்.

இப்போது கைபேசியைத் திறந்தால் இதே கூத்துத்தான். ஒரு சோடி, ஒரு பழைய பஸ், உள்ளே மடக்கு கட்டில், அடுப்போடு கைக்கடக்கமான குசினி. சின்ன இடத்தில் வாழ்வதன் நிறைவைப் பற்றி அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு கதைக்கிறாள். என்னோடு வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி, கடற்கரையில் பஸ்ஸுக்குள் அறை போட்டு வாடகைக்கு விடும் இடமொன்றில் ஒரு நாள் தங்கிவிட்டு வந்து, வாழ்க்கையே மாறிவிட்டது என்றாள். வருசக் கணக்கில் பஸ்ஸில் இருந்தவள் நான், என் வாழ்க்கை எத்தனை தரம் மாறியிருக்க வேணும் என்று கேட்டேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

பகிடி இல்லை. சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது எனக்குப் பத்து வயது. இலங்கைத்துறைக்குப் பக்கத்தில், மேற்கே தெருவும் கிழக்கே கடலுமாக எங்கள் வளவு. கிணறு இருந்தது. வீடு இருந்த இடத்தில் சீமெந்து நிலம் மட்டும் கிடந்தது. அப்பா முன்பு தோப்பூரில் ஒரு முதலாளியிடம் பஸ் ஓட்டியவர். எங்கள் கோலத்தைக் கேள்விப்பட்ட அந்த முதலாளி, இஞ்சின் கழற்றிய பழைய பஸ் ஒன்றை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து வளவில் விட்டார். மழைக்கு முதல் இதற்குள் ஏறுங்கள், வீடு கட்டிய பிறகு கோழிக்கூடு ஆக்குங்கள் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அப்பா, அம்மா, நான், தம்பி நான்கு பேரும் அதற்குள் ஏறினோம். இருக்கைகளைக் கழற்றி வெளியே போட்டாயிற்று. கடைசி நீள இருக்கை மட்டும் அப்பாவின் கட்டிலானது. பொதி வைக்கும் தட்டில் உடுப்பும் பாத்திரமும். முன்னால், 'மதகுருமாருக்கு' என்று எழுதியிருந்த மூலையில் அம்மா சாமிப் படங்களை வைத்தார். அதைவிடப் பொருத்தமான சாமியறை எந்த மாளிகையிலும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் யாராவது இரவில் புரண்டு படுத்தால் மற்ற மூன்று பேருக்கும் தெரியும். எனக்கு அந்த நெருக்கம் துப்புரவாகப் பிடிக்கவில்லை.

ஒருநாள் விதானையார் வந்தார். கிராம சேவகர் என்று அரசாங்கம் சொல்லும், நாங்கள் விதானையார் என்போம். நல்ல மனிதர், ஆனால் சிரித்துக்கொண்டே கெட்ட செய்தி சொல்லுவார். கரையோரத்தில் வீடில்லாத குடும்பங்களுக்கு உள்பக்கம் புதுக் குடியிருப்பில் கல்வீடு கொடுக்கிறார்கள். இரண்டு அறை, ஓட்டுக்கூரை, தண்ணீர்க் குழாய். அங்கே போனால் இந்த வளவு கைவிட்டுப் போய்விடும். ஹோட்டல் கட்டுவதற்கு ஆட்கள் கடற்கரைக் காணி பார்த்துத் திரிகிறார்கள் என்று ஊரில் அப்போதே கதை இருந்தது.

எங்களுக்கு வீடு இருக்கிறது, இன்னொரு வீடு தேவையில்லை என்றார் அம்மா. விதானையார் பஸ்ஸை ஒருமுறை சுற்றி வந்தார்.

"தங்கச்சி, ஐயர் வந்து, பால் காய்ச்சி, குடிபூந்தால் அது வீடு. இது வாகனம். வாகனத்தை வீடெண்டு சொல்ல என்னால ஏலாது."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். அம்மா பகிடியாக எடுக்கவில்லை. அப்படியென்றால் குடிபூரலுக்கு நீங்களும் வரவேணும் என்று அந்த இடத்திலேயே அழைப்பும் சொல்லிவிட்டார். வருகிறேன், ஆனால் கல்வீடு வேணுமா வேண்டாமா என்று குடும்பத் தலைவர் தன் வாயால் எனக்கு ஒரு சொல் சொல்லவேணும் என்று விதானையார் அப்பாவைப் பார்த்தார். குடும்பத் தலைவர் கிணற்றைப் பார்த்தார். ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பஸ் ஓட்டிய காலத்திலேயே வாழ்நாளுக்குரிய ஹோனையெல்லாம் அடித்து முடித்துவிட்டவர் மாதிரி அப்பா ஊர் திரும்பிய நாளிலிருந்து வாய் திறப்பதே குறைவு.

நான் அம்மாவின் கட்சி இல்லை. அம்மாவின் தமையன், பெரிய மாமா, என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கல்வீட்டைக் காட்டியிருந்தார். முன்னறை எனக்கு என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். குழாயைத் திறந்து பார்த்தேன். காற்றுத்தான் வந்தது, ஆனால் குழாய்க் காற்று! அதை விட்டுவிட்டுக் கிணற்றடியில் வாளி இழுக்கச் சொல்லும் அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

குடிபூரலுக்கு நாள் வைத்த ஐயர், வாசல் கிழக்கே பார்த்தால் விசேஷம் என்றார். பஸ்ஸின் வாசல் மேற்கே, தெருவைப் பார்த்துக் கிடந்தது. உழவு காலம், உழவு இயந்திரம் ஒன்றும் கிடைக்காது. அம்மா கரைவலை இழுக்கும் ஆட்களிடம் போனார். தோணியைத் திருப்புகிறவர்களுக்கு ஒரு பஸ் பெரிய காரியமா என்று கேட்டுவிட்டார். ரோசம் வந்துவிட்டது அவர்களுக்கு. தென்னங்குற்றியும் கயிறுமாக வந்து இறங்கினார்கள். ஒருவர் பாட்டெடுக்க மற்றவர்கள் தொடர்ந்து பாட, மணலில் அந்தப் பஸ் அங்குலம் அங்குலமாக அரைவட்டம் அடித்தது. பொழுது சாய்வதற்குள் வாசல் கடலைப் பார்த்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா நடந்து வந்த நடையைப் பார்த்தால் கப்பலையே திருப்பியவர் மாதிரி இருந்தது.

மறுநாள் காலை, ஐயர் வந்து கும்பம் வைத்த பிறகு, பெரிய மாமா வந்து சேர்ந்தார். திருகோணமலைத் துறைமுகத்தில் உத்தியோகம். லோஞ்சில் கடல் கடந்து மூதூருக்கு வந்து, அங்கிருந்து பஸ் எடுத்து வந்திருந்தார். இங்கிலீஷ் தெரிந்தவர், எங்கள் குடும்பத்துக்கே மானம் மரியாதை அவரிடம்தான் இருந்தது. கல்வீட்டுக் கதவின் பூட்டுத் திறப்பை யாரிடமோ சொல்லிக் கையோடு வாங்கிவந்து, நேரே அப்பாவின் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு சூரியனைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். இந்தப் பஸ்ஸின் முகம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றதில், பஸ்ஸுக்கு வாசல் ஒரு பக்கம் முகம் ஒரு பக்கம் என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. வாசல் கிழக்கென்றால் முகம் தெற்கு.

"எமன்ர திக்கு," என்றார் மாமா. "நீங்கள் பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு ஓடின பக்கமும் அதுதான். திரும்ப ஓட வெளிக்கிட்டு நிக்கிற மாதிரி நிக்குது. இது வீடே?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வலைக்காரர் ஒருவர் மறுபடி திருப்பலாம் என்றார். திருப்பினால் வாசல் மேற்கே போகும் என்றார் இன்னொருவர். வீட்டுக்கு ஒரு விதி, வாகனத்துக்கு ஒரு விதி, இரண்டும் கலந்ததற்கு நான் படிக்கவில்லை என்று ஐயர் கையை விரித்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். முன்னறை கிடைக்கப் போகிறது என்று தம்பியின் காதில் சொன்னேன்.

அம்மா பால் பானையைக் கீழே வைக்கவில்லை.

"அண்ணை, முந்தின வீடு வாசலும் முகமும் கிழக்குத்தான். ஷெல் விழேக்க அது திக்குப் பாத்தே விழுந்தது? எமன் வாறதெண்டால் வரட்டும். இந்த முறை முதுகைக் காட்டாமல் முகத்தைப் பாத்து நிப்பம். ஓடுறதுக்கு இதில இஞ்சினும் இல்லை."

ஐயர் மணியை எடுத்து ஆட்டிவிட்டார். மிதிபலகையில் நிற்க வேண்டாம் என்று எழுதியிருந்த இடத்தில் நின்றுகொண்டுதான் மந்திரமும் சொன்னார். அம்மா வலது காலை வைத்து ஏறினார். பின்னால் நாங்கள் ஏறினோம். மாமா வெளியில் நின்றார்.

பால் வீட்டுக்குள்ளேதான் பொங்க வேணும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றதால், பஸ்ஸின் நடுவில் கல் வைத்து அடுப்பு மூட்டினோம். விறகு ஈரம். சற்று நேரத்தில் ஜன்னலெல்லாம் புகை தள்ளியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு நாங்கள் பானையைப் பார்த்திருக்க, வெளியே ஒரு வாகனம் பிரேக் போட்ட சத்தம் கேட்டது. ஒரு வெள்ளைக்காரர் சிவப்பு நிறத் தீயணைப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பஸ் எரிகிறதென்று நினைத்துவிட்டார் மனிதர். குழாயை நீட்டிய நேரம் பார்த்துப் பால் பொங்கியது. அம்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவருக்கும் அடுப்புக்கும் நடுவில் பாய்ந்தார். மாமா தலையில் கையை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் கத்தினார்.

விளங்கப்படுத்திய பிறகு அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். மனைவியும் கூட வந்திருந்தார். பாதை திறந்து, பாலங்கள் போட்ட பிறகு அப்படிப்பட்டவர்கள் எங்கள் பக்கமும் வரத் தொடங்கியிருந்த காலம் அது. அவர்கள் வந்த வான் வண்டிக்குள் நாங்கள் பிள்ளைகள் தலையை நீட்டிப் பார்த்தோம். கட்டில், சின்ன அடுப்பு, சுவரோடு மடிகிற மேசை. சொந்த ஊரில் பெரிய வீடு இருந்ததாம். அதை விற்றுவிட்டு, இப்படியே ஊர் ஊராகப் போகிறார்களாம். வீட்டை விற்றுவிட்டு ரோட்டில் திரிகிறார்களா என்று கேட்டு அம்மா அவர்களுக்காக மெய்யாகவே கவலைப்பட்டு, அந்தப் பாலில் அரிசி போட்டுப் பொங்கிய புக்கையில் இன்னொரு அகப்பை வைத்தார்.

அந்த மனுசி பஸ்ஸைச் சுற்றிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஏதோ கேட்டார். மாமாவின் முகம் சிவந்தது. அம்மாவைக் கேட்காமல் அவரே நீளமாக ஒரு பதில் சொன்னார். அந்த மனுசி பாவப்படுவது போல் அம்மாவின் கையைப் பிடித்தார்.

அவர் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அம்மா மாமாவைக் கேட்டார். மாமா மழுப்பிப் பார்த்தார், அம்மா விடவில்லை. தங்களைப் போல நீங்களும் விரும்பித்தான் இப்படி இருக்கிறீர்களா என்று கேட்டாராம். இது தற்காலிகம், இவர்களுக்கு நல்ல வீடு ஒன்று காத்திருக்கிறது என்று மாமா சொன்னாராம்.

"என்னைக் கேட்ட கேள்விக்கு நீங்கள் என்னத்துக்கு மறுமொழி சொன்னனீங்கள்?" அம்மாவின் குரல் உயரவில்லை. "ஓம், விரும்பித்தான் எண்டு சொல்லுங்கோ. அவையள் போறதுக்காகச் சின்ன வீடு எடுத்தவை. நான் நிக்கிறதுக்காக எடுத்தனான். இதையும் சொல்லுங்கோ."

துறைமுகத்தில் எத்தனையோ கப்பல்காரர்களோடு கதைத்த மாமா, தங்கச்சியின் மூன்று வசனத்தை மொழிபெயர்க்கத் தடுமாறினார். ஆனால் சொன்னார். அந்த மனுசி அம்மாவின் கையை விட்டார். பிறகு கைகூப்பினார்.

வந்தவர்கள் கிளம்பும் நேரம் அம்மா வெற்றிலைத் தட்டத்தோடு நின்றார். மாமாவின் முறை வந்தபோது அப்பாவிடம் கையை நீட்டினார். அப்பா சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்துக் கொடுத்தார். அம்மா அதை வெற்றிலைக்கு மேல் வைத்து, குனிந்து, மரியாதையாகத் தமையனிடம் நீட்டினார். மாமா வெற்றிலையையும் எடுத்தார், திறப்பையும் எடுத்தார். நீ பட்டுத்தான் தெளிவாய் என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு நடந்தார். என்னுடைய முன்னறையும் அவரோடு போனது. விதானையார் கையைக் கழுவிக்கொண்டு, குடிபூரல் நல்லாய்த்தான் நடந்தது, நாளைக்கு விடிய வருகிறேன், தலைவருடைய சொல் மட்டும்தான் இனி வேணும் என்று நினைவூட்டினார்.

எல்லோரும் போன பிறகு அம்மா பானையைத் தேய்க்க உட்கார்ந்தார். தேய்த்தார், தேய்த்தார், அந்தப் பானை ஓட்டையாகப் போகிறதென்று நினைத்தேன். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"இஞ்சேருங்கோ. நான் பிள்ளையளுக்குப் பிழை செய்துபோட்டனோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எமனை வா என்று கூப்பிட்ட ஆள் இப்படிக் கேட்பாரா? ஓம் என்று சொல்லுங்கோ அப்பா, சொல்லுங்கோ என்று நான் மனதுக்குள் மன்றாடினேன்.

அப்பா எழுந்து போய் அலவாங்கை எடுத்தார். வேலியோரம் போய், காலால் இடம் அளந்து, குழி தோண்டத் தொடங்கினார். பக்கத்து வளவில் கேட்டு வாங்கிவந்த தென்னம்பிள்ளைகள் அங்கே நிழலில் கிடந்ததை அப்போதுதான் கண்டேன். எப்போது வாங்கினார் என்று தெரியவில்லை. ஒரு குழியோடு நிற்பார் என்று பார்த்தால், அடுத்ததற்கு அளந்தார். அம்மா பானையைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

நான் ஓடிப்போய், இது எப்போது காய்க்கும் என்று கேட்டேன்.

"அஞ்சாறு வருசம் செல்லும், குஞ்சு," என்றார் அப்பா.

அப்படியென்றால் அஞ்சாறு வருசம் இங்கேயேதான்! குந்தியிருந்து ஒப்பாரி வைத்து அழுதேன். அந்தக் குழாய், அந்த முன்னறை, எல்லாம் சேர்த்து அழுதேன். அம்மா கரிக்கையோடு எழுந்து வந்து, என்னைப் பார்த்து, அப்பாவைப் பார்த்து, சிரிக்கத் தொடங்கினார். சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். பெற்ற பிள்ளை இப்படி அழும்போது ஒரு தாய்க்கு இதில் என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.