அருள் என்று பேர் வாங்கிய நடுக்கம்

மாலை போட்ட மறுநாள் காலையில்தான் முதல் அறிகுறி தெரிந்தது. டீ டம்ளரை எடுத்தால் வாய்க்குப் போய்ச் சேரவில்லை. பாதி டீ சட்டையில் சிந்தியது. கார்த்திகை மாதம், விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், நடுங்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி கமலா டம்ளரைப் பிடித்துக்கொள்ள, மீதியைக் குழந்தை மாதிரி குடித்தேன்.

அது குளிர் இல்லை. அதைக் குளிர் என்று நானும், பிறகு அருள் என்று ஊரும் நினைத்ததில் பாதிக்கப்பட்டது என் அக்கா. அதனால்தான் இதை எழுதுகிறேன். குடியை விட நினைப்பவர்களும், விடச் சொல்லி வீட்டில் அழுகிறவர்களும் படித்தால் போதும். மற்றவர்களுக்கு உபதேசம் செய்யும் யோக்கியதை எனக்கில்லை.

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, அளவு வரைந்து, மிஷினால் வெட்டுகிற வேலை. அங்கே சின்னப் பையனாகச் சேர்ந்த புதிதில்தான் முதன்முதலாகக் குடித்தேன். பெரிய ஆர்டர் ஒன்று முடிந்து லாரி கிளம்பிய சாயங்காலம், மொட்டை மாடியில் பிரியாணியும் பிராந்தியும். அப்போதைய மாஸ்டர் பேப்பர் கப்பில் ஊற்றி என் கையில் கொடுத்தார். மண்ணெண்ணெய் குடித்த மாதிரி தொண்டை எரிந்தது. ஆனால் நாள் பூராவும் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மிஷின் சத்தம் சட்டென்று நின்றது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

அன்றைக்கு என்னோடு குடித்தவர்களில் ஒருவன் அட்டைப் பெட்டிமேல் வாந்தி எடுத்தான். ஒரு டெய்லர் அம்மாவை நினைத்து ஓவென்று அழுதார். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. கப்பையெல்லாம் பொறுக்கிப் போட்டு, மாடிக் கதவைப் பூட்டி, சாவியைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

"பையன் ஸ்டெடிங்க! எத்தன ஊத்துனாலும் ஆட மாட்டீங்கறான்" என்றார் மாஸ்டர்.

அதுவரை என்னை யாரும் எதற்கும் புகழ்ந்ததில்லை. படிப்பு வரவில்லை, கட்டிங்கிலும் அப்போது கற்றுக்குட்டி. அந்த 'ஸ்டெடி' என்ற பட்டம் எனக்கு அவ்வளவு இனித்தது. முதல் தடவையே குப்புற விழுந்து எழுந்திருந்தால் ஒருவேளை அன்றோடு கும்பிடு போட்டிருப்பேன். குடித்தும் ஆடாத உடம்பு பலமான உடம்பு அல்ல, பழகிப்போகிற உடம்பு என்று பின்னாளில் டாக்டர் சொன்னார். இதற்கு டாலரன்ஸ் (அதே போதைக்கு நாளாக நாளாக அதிகம் தேவைப்படும் நிலை) என்று பெயராம். நான் அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரசே மதுக்கடை திறந்த சமயத்தில் எனக்குத் தினமும் வேண்டியிருந்தது. ஆனாலும் என்னைக் குடிகாரன் என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. குடிகாரன் என்றால் பஸ் ஸ்டாப்பில் வேட்டி அவிழ்ந்து கிடப்பவன். நான் வேலைக்குப் போகிறேன், சம்பளத்தை வீட்டில் கொடுக்கிறேன், யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெரிய அத்தாட்சி வைத்திருந்தேன்.

"ஏனுங்க, தெனமும் வேணுமாங்க?" என்று கமலா கேட்பாள்.

"மாலை போட்டா தொடறனா? ஒரு சொட்டுத் தொட்டிருக்கறனா? அப்பறமென்ன?" என்பேன்.

வருடா வருடம் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டால், கழற்றும்வரை நிஜமாகவே தொடமாட்டேன். எங்கள் பக்கம் என்னைப் போலப் பலரும் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். மாலைக்கு முந்தின ராத்திரி ஒரு சடங்கு உண்டு. 'நாளையிலிருந்து சாமி' என்று சொல்லிக் கூட்டாளிகள் ஆளாளுக்கு வாங்கிக் கொடுப்பார்கள். விரதம் முழுமைக்கும் சேர்த்து அன்றைக்கே குடித்துவிட்டு, விடிந்ததும் கோயிலில் குளித்து நிற்போம். இளவயதில் உடம்பு தாங்கியது. முந்தைய இரண்டு வருடமாகவே லேசாக நடுக்கமும் வேர்வையும் இருந்தன. விரதம் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருடம் டீ சிந்திய அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் பஜனை. சாமளாபுரத்திலிருந்து சரசு அக்கா வந்திருந்தாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். அவளும் மச்சானும் வீட்டிலேயே தறி ஓட்டினார்கள். சில நாட்களாக அடிவயிற்றில் வலி என்று ஸ்கேன் எடுத்ததில் சினைப்பையில் (கருமுட்டை உருவாகும் உறுப்பு) கட்டி என்று தெரிந்திருந்தது. நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறு வாரம் அட்மிட் ஆவதாக இருந்தாள்.

சரணம் சொல்லும் சத்தம் ஏற ஏற எனக்கு உடம்பு உதறியது. சுவரில் செவ்வெறும்பு ஊர்ந்தது. பிறகு தரையெல்லாம் எறும்பு. எதிரே உட்கார்ந்திருந்த அக்காவின் சேலையில், வயிற்றுப் பக்கம், கொத்துக் கொத்தாக எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. கடித்துவிடுமே என்று பதறி எழுந்தேன். கையில் எப்படியோ விபூதித் தட்டு சிக்கியது. விபூதியை அள்ளி அக்காவின் வயிற்றில் அப்பி, எறும்பையெல்லாம் தட்டித் தட்டித் துடைத்துவிட்டேன். எனக்கு நினைவிருப்பது அதுவரைதான்.

மீதியைக் கமலா சொல்லித்தான் தெரியும். அருள் வந்துவிட்டது என்று யாரோ என் இடுப்பில் துண்டைக் கட்டினார்களாம். சரணகோஷம் வீதிவரை கேட்டதாம். அக்கா கைகூப்பிக்கொண்டு கண்ணீர் விட்டாளாம். அடுத்த நிமிடம் நான் மரம் சாய்கிற மாதிரி விழுந்தேன். கை கால் வெட்டி இழுத்தது, நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம்.

"இது அருளில்லீங்க, வலிப்புங்க! வண்டியக் கூப்புடுங்க!" என்று கமலா கத்தினாள்.

"பொறும்மா, சாமி மலையேறட்டும்" என்று கற்பூரத்தைக் காட்டினார்கள். இரண்டாவது முறை இழுத்தபோதுதான் அவள் யாரையும் கேட்காமல் பக்கத்து வீட்டு ஆட்டோவில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாள். நான் உயிரோடு இருப்பது அவள் போட்ட அந்தக் கத்தலால்தான்.

ஆஸ்பத்திரியில் சில நாட்கள் என் வாழ்க்கையில் இல்லவே இல்லை. கட்டிலோடு கையைக் கட்டி வைத்திருந்தார்களாம். கட்டு அவிழ்ந்த நேரமெல்லாம் போர்வையை இழுத்து விரித்து அளவு பார்த்தேனாம். டெலிரியம் (குடி திடீரென்று நின்றதால் மூளை நிதானம் தவறி, இல்லாததையெல்லாம் காணும் நிலை) என்றார் டாக்டர். நினைவு திரும்பியதும் கமலாவை வைத்துக்கொண்டே பேசினார்.

"குடிய நிறுத்துனது தப்பில்ல. ஒரே நாள்ல நிறுத்துனீங்க பாருங்க, அதுதான் தப்பு. தெனமும் குடிக்கற உடம்புல அப்படி நிறுத்தினா உயிரே போகலாம். எங்ககிட்ட வந்திருந்தா மாத்திரை குடுத்துப் பக்குவமா நிறுத்தியிருப்போம்."

"நான் ஸ்டெடிங்க டாக்டர், எனக்கு எப்படி..." என்று இழுத்தேன்.

"ஸ்டெடியா இருக்கறவங்கதான் இங்க அதிகமா வர்றாங்க" என்றார்.

வீடு திரும்பினால், வீதியே எனக்காகக் காத்திருந்தது. "என்ற பையன் அருள் தாங்காம உழுந்துட்டான்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். பார்க்க வந்தவர்கள் பழம் கொண்டுவந்தார்கள். இரண்டு பெண்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எனக்குக் கூசியது. ஆனாலும் 'குடியை நிறுத்தி வலிப்பு வந்தவன்' என்பதைவிட 'அருள் வந்தவன்' என்பது எவ்வளவு கௌரவம்! வாயை மூடிக்கொண்டேன். சனியன், அந்த வாய் அன்று திறந்திருக்க வேண்டும்.

அந்த வாரமே அக்கா இளநீரோடு வந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"தம்பி, என்ற வயித்துல விபூதியப் போட்டுத் தொடச்சு உட்டியே, அதுலிருந்து வலி ஒண்ணையும் காணம் கண்ணு. ஆபரேசன் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்."

கமலா அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

"எதுக்கும் டாக்டர ஒருக்காப் பாத்துரு அக்கா" என்றேன்.

"சாமிக்கு மேலயாடா டாக்டரு?" என்று சிரித்தாள்.

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் கமலா பிடித்துக்கொண்டாள்.

"நெசத்தச் சொல்லீருங்க. நான் சொன்னா, புருசனக் காட்டிக் குடுக்கறாம்பாங்க. நீங்கதான் சொல்லோணும்."

"மச்சான் ஊட்ல என்ன நெனப்பாங்க? பாத்துக்கலாம் விடு" என்றேன். பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம் என்றே தை போனது, மாசி போனது. நடுவில் நான் மறுபடி குடிக்க ஆரம்பித்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அருள் வந்த ஆள் என்பதால் ஒளிந்து குடித்தேன்.

சித்திரையில் அக்காவுக்கு வயிறு உப்பியது. நீர் கோத்திருந்தது. கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்தார்கள். கெட்ட கட்டி. குடல் மேலெல்லாம் பரவிவிட்டது என்று சொல்லி, கீமோ (புற்றுநோயை அழிக்க நரம்பில் ஏற்றும் மருந்து) கொடுத்தார்கள். "முன்னாடியே எடுக்கச் சொன்னாங்களே, ஏன் வரல?" என்று அங்கிருந்த டாக்டர் மச்சானைக் கேட்டார். மச்சான் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அவருக்குத் தெரியாதே! நான்தான் அந்த இடத்திலேயே செத்துப் பிழைத்தேன்.

அன்றிரவே, முன்பு என்னைப் பிழைக்கவைத்த நல்லூர் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தேன். இந்த முறை முறையாக, மாத்திரையோடு, படுக்கையில் இருந்து குடியை நிறுத்தினேன். அது ஒன்றும் வீரமில்லை. கையில் ஊசி ஏற ஏறத் தூங்கினேன், எழுந்தேன், கஞ்சி குடித்தேன். இவ்வளவு சுலபமாக முடிகிற காரியத்தை மாலையை வைத்துப் பெரிய சாதனையாகக் காட்டிக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

தேறியதும் அக்காவிடம் போனேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முடி கொட்டி, தலையில் துணி கட்டியிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு வந்தது சாமியில்ல. குடிய நிறுத்துனதுல வந்த நோவு. உன்ற சேலையில எறும்பு ஊர்ற மாதிரி தெரிஞ்சுது. அதத்தான் தட்டி உட்டேன்."

"எறும்பா?" என்றாள். கொஞ்சம் சிரித்தாள். பிறகு தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு ஆபரேசன்னா அத்தன பயம் தம்பி. நீ தொடச்சு உட்டதும், அப்பாடா தப்பிச்சோம்னு இருந்துச்சு. வலி அப்பவும் இருந்துச்சு. சாமியே சொன்னப்பறம் வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது?" என்றாள். "அந்த வாரமே நீ சொல்லியிருந்தா, பயந்துக்கிட்டாச்சும் போயிருப்பேன்."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால், செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்குத் தேவலாம் என்றிருந்தது. நான் கௌரவத்துக்காக மறைத்தேன், அவள் பயத்துக்காக நம்பினாள். இரண்டு பேருக்கும் அந்த அருள் வசதியாக இருந்தது. ஆனால் எங்கள் இருவரில் உண்மை தெரிந்தவன் நான்தான்.

"இப்பக் குடிக்கறதில்லீல்ல?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"உட்றாத" என்றாள். அடுத்த கார்த்திகைக்கு அவள் இல்லை.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது மாலையை நம்பியோ, பிள்ளைமேல் சத்தியம் செய்தோ திடீரென்று நிறுத்தப் போவதாக இருந்தால், முதலில் டாக்டரிடம் போங்கள். கை நடுங்கினால், இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தால், கற்பூரம் கொளுத்தாமல் வண்டியைக் கூப்பிடுங்கள். அதைவிட முக்கியம், பிழைத்து வந்தபிறகு உண்மையைச் சொல்லுங்கள். வெட்கம் ஒரு வாரத்தில் போய்விடும்.

நான் அதன்பிறகு குடிக்கவில்லை. சோற்றின் ருசி தெரிகிறது. சாயங்காலங்கள்தான் மிக நீளமாகிவிட்டன. முன்பெல்லாம் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் கரைந்துபோன நேரம் இப்போது முழுதாக வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறது. கமலா டிவி பார்க்கிறாள், நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த நேரத்தில் கொஞ்சத்தை அக்காவுக்குக் கொடுக்க முடிந்தால் எப்படியிருக்கும் என்று தோன்றும்.

போன மாதம் ஈரலுக்கு ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். படுக்கையில் படுக்கவைத்து வயிற்றில் சில்லென்று பசையைத் தடவினார்கள். நன்றாகத் தேறிவிட்டது, ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். வெளியே வந்தபோது, ரிப்போர்ட்டில் போடுவதற்காக நர்ஸம்மா வயது கேட்டார். சொன்னேன். சொன்னபிறகுதான் உறைத்தது. அக்கா செத்தபோது அவளுக்கு இதைவிட ஒரு வயது குறைவு. நான் அவளுக்கு மூத்தவனாகிவிட்டேன்.

"ஏனுங்க, உடம்புக்கு முடியலீங்களா?" என்றார் நர்ஸம்மா.

"நல்லாத்தானுங்க இருக்கறேன்" என்றேன்.